அம்மாவுக்குப் பிடிக்காத படங்கள்

என் அம்மாவுக்கு எந்தப் படமும் பிடித்ததில்லை. எந்தப் படத்தையும் அவள் விட்டதும் இல்லை. ராயபுரம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கொட்டகையில் படம் மாறினால், அந்த வாரமே மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கை வாடை போக எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக்கொண்டு மதியக் காட்சிக்குக் கிளம்பிவிடுவாள். பெண்கள் பக்கத்துத் தரையில், தூணை ஒட்டி அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. வேறு யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் படம் தொடங்குவதற்கு முன்பே ஒரு சண்டை நடக்கும். அதையும் சேர்த்துத்தான் அவளுக்குச் சினிமா.

வெளியே வந்ததும் தீர்ப்பு. கதாநாயகன் மீனவனாக வந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, கொட்டகை வாசலிலேயே நின்று சொன்னாள்: "வல வீசறான் பாரு, ஈரத் துணிய ஒதறிக் காயப்போடற மாரி. இவன நம்பிக் கடலுக்குப் போனா மீனு சிரிக்கும்."

அடுக்குமொழி வசனம் பேசும் படங்கள் வந்தபோது ஊரே அவற்றை மனப்பாடம் செய்தது. அம்மா மட்டும், "அவன் ஒரு பேச்சு பேசி முடிக்கறதுக்குள்ள நான் ஒரு கூட நெத்திலி வித்துட்டு வந்துருவேன்" என்றாள்.

காசநோய் வந்த கதாநாயகிகளை அவள் மன்னித்ததே இல்லை. அந்த நாட்களில் இரண்டு படத்துக்கு ஒரு படத்தில் யாராவது ஒருத்தி கைக்குட்டையில் ரத்தம் துப்பிவிட்டு, முழுப் பாட்டு ஒன்றைப் பாடி, பிறகு கண்மூடுவாள். "இருமிக்கினே எப்டிடி பாடறா? மூச்சு வாணாம்? பாட்டு கரீட்டா முடிஞ்சப்பறம் சாவறா. எமன் இன்னா, ஒன்ஸ் மோர் கேட்டுக்கினு நின்னானா?"

எனக்கும் அபிப்பிராயங்கள் இருந்தன. எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு அது என்னவென்று விளங்கும். எனக்குப் படங்களில் பிடிக்காதவை: இடி இடிக்கும்போது பின்னால் யாரோ தகரத்தை ஆட்டுவது தெரிந்துவிடுவது, ஏழைக் கதாநாயகியின் சேலையில் ஒட்டுப்போட்ட துணி புதிதாக இருப்பது, மருத்துவர் ஒருமுறை நாடி பிடித்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. பிடித்தது ஒன்றுதான், பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வரும் வாத்தியங்கள். குரல் வந்ததும் எனக்குப் பாதி ஆர்வம் போய்விடும்.

இந்த ஒரு விஷயத்தில் அம்மாவும் நானும் ஒரே கட்சி. பாட்டுகளையும் அவள் குறை சொல்வாள்தான். ஆனால் குறை சொல்லிக்கொண்டே மனப்பாடம் செய்துவிடுவாள். வரிகளை மட்டுமல்ல, எந்த இடத்தில் குழல் நுழைகிறது, எங்கே ஜலதரங்கம் சிணுங்குகிறது, ஜால்ரா எத்தனை முறை தட்டிவிட்டு ஓய்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவள். கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தை எனக்கு வாங்கித் தருவாள். "அதுல கொழலு எழுதிக்கீதா? இல்லல்ல? அப்ப அது அரப் புஸ்தகந்தான்" என்பாள்.

அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதபோது நான் சிறுமி. அம்மா மீன் விற்று என்னைக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படிக்க வைத்தாள். பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கூடப் பயிற்சிக்குப் போனேன். முடித்ததும் அங்கேயே வேலை கிடைத்தது. சளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லத் தடவி, சூடுகாட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். காசநோய்க் கிருமி இருந்தால் நீலப் பரப்பில் சிவப்புத் துரும்புகளாகத் தெரியும். இல்லாவிட்டால் வெறும் நீலம்.

அம்மாவின் இருமல் மழைக்காலம் முடிந்தும் நிற்கவில்லை. அவளுடைய சளியை நானேதான் பார்த்தேன். சிவப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் எரிந்துகொண்டிருந்த விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

"ரத்தங் கக்குவனா?"

"வராமலும் இருக்கலாம்மா."

"அப்ப பாட்டு?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

தினமும் ஓர் ஊசி, கூடவே மாத்திரைகள் என்று எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற அந்த ஊசிமருந்து வந்த பிறகு பிழைக்கிறவர்கள் கூடியிருந்தார்கள்; நாங்கள் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுத்துவிடும். டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார்: "எல்லாருக்கும் அப்படி ஆகறதில்லை. காதில் இரைச்சல், தலைசுற்றல், சின்னச் சத்தம் கேட்காமல் போவது, எது வந்தாலும் உடனே சொல்லணும். போன காது திரும்பாது. இதை அளந்து பார்க்க நம்மிடம் கருவி எதுவும் இல்லை. கூட இருக்கிற நீதான் கவனிச்சுக்கணும்."

திரும்பி வரும் வழியில் அம்மா சொன்னாள்: "காது போச்சின்னா கொட்டாய்க்குப் போயி இன்னாடி பண்றது? மூஞ்சியவா பாத்துக்கினு குந்தறது? அந்த மூஞ்சிங்களுக்கு என் கூடையில கீற வஞ்சிரம் மூஞ்சி எவ்ளோ மேலு."

கவனித்துக்கொள் என்றால் எப்படி என்று எனக்கு ஒரு முறை வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுக்கு எதிரே டீக்கடை. சாயங்காலமானால் கடைக்காரர் ரேடியோவைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்து, சினிமாப் பாட்டு ஒலிபரப்பைப் போடுவார். அதையே சோதனையாக வைத்துக்கொள்வது என்று நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்தோம். பாட்டு ஓடும்போது எந்த வாத்தியம் வருகிறது என்று அவள் சொல்ல வேண்டும். பழைய பாட்டுகளை மட்டும்தான் கணக்கில் எடுப்பது. புதுப் பாட்டில் எங்கே என்ன வர வேண்டும் என்று எனக்கே தெரியாதே, பிறகு சரியா தப்பா என்று எப்படிச் சொல்வது? அப்போது அது மிகச் சரியான முறையாகத்தான் தோன்றியது.

அம்மா ஒருநாளும் தவறவில்லை. முதல் தட்டிலேயே பாட்டைச் சொல்லிவிடுவாள். "தோ இப்ப பிடிலு. அப்பால ஜலதரங்கம். கேட்டியா?" என்பாள். சொன்ன இடத்தில் சொன்னது வரும். நானும் நிம்மதியாகத் தூங்குவேன்.

கொட்டகைக்குப் போகக்கூடாது என்று அவளுக்குத் தடை. அதனால் படங்களை நான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதை சொன்னேன். நான் சொல்லும் விதத்தையும் குறை சொன்னாள். "நீ இன்னாடி, ரேஷன் சாமான் படிக்கற மாரி சொல்ற? அவ அழுதா, இவன் வந்தான், கல்யாணம் ஆச்சுன்னு. எப்டி அழுதா? அத்தச் சொல்லு."

பக்கத்து வீடு ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினுடையது. அந்த வீட்டு அப்பா ரயில் எஞ்சின் ஓட்டுபவர். என் வயதில் ஒரு பெண், துறைமுக அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்ட். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்த வருஷம் அவர்கள் வீட்டுக்கு ராக் அண்ட் ரோல் வந்தது. கப்பலில் வேலை செய்த உறவுக்காரர் யாரோ இசைத்தட்டுகள் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கிராமபோன் ஆரம்பிக்கும். தரை அதிர அவளும் அவள் தோழிகளும் ஆடுவார்கள்.

எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிபடவில்லை. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். பாடுகிறவனுக்கு நடுநடுவே விக்கல் வருகிறது. கேட்கும்போது கால் தானாகத் தட்டுவதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை.

அம்மாவின் தீர்ப்பு ஒரே வரிதான். "தகர டப்பாவ மாடிப்படில உருட்டி வுட்டுட்டு, அது மேல பூனைய வுட்ட மாரி கீது."

அதை அந்தப் பெண்ணிடமே சொன்னாள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆன்ட்டி, இங்கிலாந்துல எங்க அத்தை வீட்ல ஒரு பொட்டி இருக்காம். டெலிவிஷன். இந்த டான்ஸ், பாட்டு, சினிமா எல்லாம் வூட்டுக்குள்ளயே அதுல வருமாம். நாங்களும் அங்க போயிடப்போறோம்."

"வூட்டுக்குள்ள படமா? அப்ப எடம் புடிக்க எவகூட சண்ட போடறது? எவன் விசில் அடிப்பான்? அடுப்புல சோத்த வச்சிக்கினு படம் பாத்தா, சோறும் கொழயும், படமும் கொழயும். கலீஜு!"

அதற்குப் பிறகு சில மாதங்கள் போயின. அந்த மாதங்களில் அம்மாவின் அபிப்பிராயங்கள் மாறிக்கொண்டு வந்தன. புதிதாக வந்த பாட்டுகளில் ஒன்றுமே இல்லை என்றாள். "இந்தப் புது ஆளுக்கு வாத்தியமே வாணாம் போலக்கீது. வெறும் டம்மு டம்முன்னு தட்டிக்கினே கீறான்."

"வயலின் நிறைய இருக்கும்மா அந்தப் பாட்டில்."

"எங்க கீது? உன் காதுல கீது."

ரசிகர்கள் சண்டை போடுவதுபோலவே நாங்கள் சண்டை போட்டோம். வயது ஏறினால் எல்லாருக்கும் பழைய பாட்டுதான் பிடிக்கும் என்று நான் சொன்னேன். போடி கய்தே என்றாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமைத்துக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா அந்தப் பொதுச் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் ராக் அண்ட் ரோல் முழங்கிக்கொண்டிருந்தது. அவள் கை தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"ஷோக்கா கீதுடி," என்றாள். "முதுவுலயே வந்து தட்டுது."

ஷோக்கா என்பது அவள் வாயிலிருந்து எந்தப் படத்துக்கும் வராத பாராட்டு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் ஒருத்திக்குப் புது ரசனை வருகிறது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன். அவளும் அதற்குப் பிறகு கிராமபோனைச் சுவரை ஒட்டி நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

கரண்டு போனது ஒரு சாயங்காலம். இருட்டவில்லை. அம்மா வாசற்படிக்கு உள்பக்கமாகத் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அரிவாள்மனையில் கவளை மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கதவருகே நின்றிருந்தேன். ரேடியோவில் எங்களுக்கு மிகவும் பழக்கமான பாட்டு. நடுவில் தாளமெல்லாம் நின்று, குழல் மட்டும் தனியாக நீண்டு போகும் இடம் ஒன்று அதில் உண்டு. சரியாக அந்த இடத்துக்கு வரும்போது ரேடியோ நின்றது. டீக்கடை விளக்கும் அணைந்தது.

"கரண்டு பூட்ச்சு நைனா," என்று கடைக்காரர் யாரிடமோ சொன்னார். "டீ ஆறிப்போவறதுக்குள்ள குடி."

"தோ, கொழல் வந்துருச்சு," என்றாள் அம்மா.

தலை குனிந்தபடியே இருந்தாள். கையிலிருந்த மீன் அரிவாளில் உரசிப் போய்வந்துகொண்டிருந்தது. "எப்டி இழுக்கறான் பாரு, மூச்சே வுடாம. இவனத்தான் சொல்லணும் வித்வான்னு."

அம்மா என்று கூப்பிட்டேன். மெதுவாகத்தான் கூப்பிட்டிருப்பேன். அவள் திரும்பவில்லை. தெருவில் இருந்தது டம்ளர்கள் உரசும் சத்தமும் தூரத்தில் கடலும்தான். அவள் தலை அந்தக் குழலுக்கு ஏற்ப ஆடிக்கொண்டிருந்தது. குழல் முடிந்து தபலா சேர வேண்டிய இடத்தில், வழக்கம்போல் தொடையில் தட்டுவதற்காக அவள் கை உயர்ந்தது. உயர்ந்த கை அப்படியே நின்றது. தபலா வரவில்லை.

அம்மா திரும்பினாள். அணைந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை.

"கரண்டு எப்போ பூட்ச்சு?"

நான் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"கொழலுக்கு முன்னாடியா, அப்பாலயா? சொல்லுடி."

"முன்னாடி."

அவள் மீன் செதில் ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக என்று நான் கேட்டேன், உரக்க. அவளுக்கே தெரியவில்லை. குழல் வரும் என்று தெரியும். வந்தது என்றே நினைத்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் அவளுக்குள்ளே எல்லா வாத்தியங்களும் அதனதன் இடத்தில் வந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. தெரியாத பாட்டுகளில்தான் ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கிறது.

"இரைச்சல் இல்லையாம்மா காதில்?"

"கடல் சத்தம்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதுதான் எப்பவும் கத்திக்கினே கீதே."

மறுநாள் டாக்டரம்மா தம் கைக்கடிகாரத்தை அவள் காதருகே பிடித்துப் பார்த்தார். ஊசியை நிறுத்தலாம், நிறுத்தினால் மிச்சமிருக்கும் காது தங்கலாம், தங்காமலும் போகலாம் என்றார். ஆனால் சளியில் இன்னும் சிவப்பு இருந்தது. முன்பைவிடக் குறைவு, ஆனால் இருந்தது. மாத்திரையை மட்டும் நம்பி இந்த நிலையில் விடுவது தமக்குச் சரியாகப் படவில்லை என்றார். "இன்னும் முன்னாலேயே தெரிந்திருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அது ஆறுதலுக்காகச் சொன்னதல்ல, உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போயிற்று.

ஊசி போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் அம்மா உட்கார்ந்தாள். நான் எதிரே குந்தி, அவளுக்கு என் வாய் தெரியும்படி எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். ஒருபக்கம் இது, மறுபக்கம் இது. நீதான் சொல்ல வேண்டும்.

"செவப்பு கீதா? நீ பாத்தியா?"

"நான்தான் பார்த்தேன்."

"நான் பூட்டா நீ எவகூட சண்ட போடுவ?" என்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து உள்ளே போனாள்.

அதன் பிறகு காது படிப்படியாகப் போனது. முதலில் ரேடியோ. பிறகு டீக்கடைக்காரரின் குரல். பிறகு என் குரல். நடக்கும்போது கட்டுமரத்தில் நிற்பவள்போல் காலை அகட்டி வைத்தாள். கடைசியாக மிஞ்சியது அந்தச் சுவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்த பிறகு, வார நாளிலும் வேலையிலிருந்து வந்ததும் ஓர் இசைத்தட்டுப் போடுவாள்.

அவர்களும் கப்பலேறினார்கள். புறப்படும் அன்று அந்தப் பெண் வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நிறைய பேசினாள். அம்மா அவள் வாயையே பார்த்துத் தலையாட்டினாள். அவள் போன பிறகு என்னிடம், "இன்னா சொல்லிச்சு அந்தப் பொண்ணு?" என்று கேட்டாள். கிராமபோனையும் கொண்டுபோகிறார்களாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டுக்கு யானைக்கவுனியில் வெங்காய மண்டி வைத்திருந்த ஒருவர் குடிவந்தார். அமைதியான குடும்பம்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் அம்மாவின் தகட்டில் வெறும் நீலம். மீண்டும் பார்த்தேன். அடுத்த முறையும் நீலம். பரிசோதனைக்கூடத்தில் எல்லாரும் கைகொடுத்தார்கள்.

பாட்டை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க நான் முயன்றவை: எழுதிக் காட்டுவது, அவளுக்குப் படிக்கத் தெரியாது, சொல்லிக் கொடுக்கிறேன் என்றபோது ஸ்லேட்டைத் திருப்பி வைத்துவிட்டாள். வாயசைத்துப் பாடுவது, அதில் வரிதான் இருந்தது, அவளே சொன்னதுபோல் அரைப் புத்தகம். உள்ளங்கையில் விரலால் தாளம் தட்டுவது. கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். நான்காவதாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

தடை நீங்கியதும் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். தூணுக்கு அருகே வேறு ஒரு பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா பார்த்தாள், பேசாமல் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தாள். அந்தப் படத்திலும் கதாநாயகன் ஒரு மீனவன். வலையைத் தலைக்கு மேல் சுழற்றி, தன் காலிலேயே போட்டுக்கொள்வதுபோல் வீசினான். பெண்கள் பக்கமே சிரித்தது. பாட்டு வந்தபோது ஆண்கள் பக்கம் எழுந்து நின்று ஒன்ஸ் மோர் கேட்டுக் கத்தியது. ரீலைத் திருப்பி ஓட்டினார்கள். ஒரே காட்சி ஏன் திரும்ப வருகிறது என்று அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டு திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் வாசலில் நின்றேன். அவள் வழக்கமாக நிற்கும் இடம். எப்படி இருந்தது என்று கையை விரித்துக் கேட்டேன்.

"நல்லா கீது," என்றாள்.

வலையை எப்படி வீசினான் என்று கையால் சுழற்றிக் காட்டினேன், அவனைவிட மோசமாக.

"எல்லாம் நல்லாத்தான் கீது. நட, பஸ்ஸு வந்துரும்."

அதற்குப் பிறகு நாலைந்து படங்கள் பார்த்துவிட்டோம். எல்லாம் நல்லா இருக்கிறது. கதையில்லாத படம், காசநோய்க்காரி பாடிவிட்டுச் சாகும் படம், எதுவானாலும் சரி. நான் அழைத்தால் வருகிறாள், பார்க்கிறாள், நல்லா கீது என்கிறாள். மீன் விற்கப் போகிறாள். விலை கேட்பவர்கள் விரல்களைக் காட்டுகிறார்கள். உடம்பு தேறி முகம் கூட வட்டமாகிவிட்டது. பார்க்கிறவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைக் காப்பாத்திட்டே என்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா மறுபடியும் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முதுகுக்கு அருகே முஷ்டியால் சுவரைத் தட்டத் தொடங்கினேன். அந்த இசைத்தட்டின் அடி எனக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரம் சரியாகத் தட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு வேண்டுமென்றே தப்பாகத் தட்டினேன். ஓர் அடியை விழுங்கினேன், அடுத்ததை முந்தினேன், மொண்டி மாடு நடப்பதுபோல் தாறுமாறாக அடித்தேன். திட்டுவாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, கை வலிக்கும்வரை அடித்தேன்.

"ஷோக்கா கீதுடி," என்றாள் அம்மா.